கொலுசுக் குட்டு

என் தோழியும், என் நாத்தனாரும், இத்தனை வருஷத்து வயிற்றெரிச்சலுமான வனஜாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். லாவண்யாவுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. உன் வருஷத் திதி ஆகட்டும் என்று காத்திருந்து, அதற்கு அப்புறம்தான் முகூர்த்தம் குறித்தோம். மாப்பிள்ளை புத்தூர்க்காரப் பையன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. திருச்சானூரில் மண்டபம் பேசியாயிற்று. உன் அண்ணன் நாதஸ்வரக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, 'வனஜா இருந்திருந்தா மேளத்துக்காரனையே ஆட வெச்சிருப்பா' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்த்தாயா, மேளம் பேசப் போனாலும் உன் பேச்சுத்தான்.

அதுகூடப் பரவாயில்லை. கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்க வேண்டும் இல்லையா? பெண்ணைப் பெற்றவள் நான். நகரியில் தையல் கடை வைத்திருப்பவள் நான். சனிக்கிழமைதோறும் புதிதாக ஊசி பிடிக்கிற பெண்களுக்கு எம்பிராய்டரி சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனால் என் மகள் போனில் என்ன சொன்னாள் தெரியுமா?

"அம்மா, கை ஓரத்துல அத்தையோட கொலுசுத் தையல்தான் எனக்கு வேணும். வேற எதுவும் வேணாம்."

செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாதாம். யார் சொன்னது? உயிரோடு இருக்கிறவளிடமாவது இன்றைக்குத் தோற்றால் நாளைக்கு ஜெயிக்கலாம். செத்துப்போனவளிடம் எப்படி ஜெயிப்பது?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன், ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் படிப்பார்கள். அவர்களுக்கு உன்னையும் தெரியாது, கொலுசுத் தையலையும் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் சொல்லும்போது நீ எப்போதும் குறுக்கே பேசுவாய். இந்த ஒரு தடவை முடியாது.

நமக்கு இருபது வயதுகூட ஆகாத காலம். ஆந்திரா ஓரத்து நகரியில் கைத்தறிகள் ஒவ்வொன்றாக இறங்கி, வீட்டுக்கு வீடு பவர்லூம் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் யாரும் மெதுவாகப் பேச முடியாது, தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். மண்டல் ஆபீஸ் பக்கத்துக் கூடத்தில் பெண்களுக்கு இலவச எம்பிராய்டரி வகுப்பு என்றார்கள். சொல்லிக்கொடுக்கத் திருப்பதியிலிருந்து ஒரு மேடம் பஸ்ஸில் வருவார். சுத்தத் தெலுங்கு. நமக்குச் சந்தையில் பேரம் பேசுகிற தெலுங்கு தெரியும், ரேஷன் கடையில் சண்டை போடுகிற தெலுங்கு தெரியும். தையலுக்கு என்ன தெலுங்கு என்று எவளுக்குத் தெரியும்?

தெலுங்கில் தையலுக்குக் 'குட்டு' என்று பெயர். நமக்குக் குட்டு என்றால் வாத்தியார் மண்டையில் வைக்கிறது. மேடம் அந்த வார்த்தையைச் சொன்னதும் நீ உன் தலையைத் தடவிக்கொண்டாய். அப்புறம் அவர் பூவின் காம்பு வரைகிற தையலைக் காட்டி, 'இதி காட குட்டு' என்றார். நீ என் காதில் குனிந்தாய்.

"காடையை ஏன்டி குட்டணும்? புடிச்சித் துன்ன வேண்டியதுதானே?"

நான் சிரித்துத் திட்டு வாங்கினேன். சொன்ன நீ முகத்தைப் பால்போல வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாய். நமக்குள்ளே எல்லாம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

கொலுசுக் குட்டு சொல்லிக்கொடுத்த அன்று, நீ வீட்டில் தறிக்குத் தாரில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுத் தாமதமாக வந்தாய். மேடம் செய்து காட்டி முடித்துவிட்டார். அடுத்த வகுப்புக்கு ஆளுக்கொரு கைக்குட்டையில் கொலுசுக் குட்டு போட்டு எடுத்து வரவேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் உன் காதில் விழுந்தது. 'அது எப்படிடி போடுறது?' என்று என்னைத்தான் கேட்டாய். நான்தான் காட்டினேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். ஊசியை மேலே எடு, நூலை வளையமாக விடு, கட்டைவிரலால் வளையத்தை அழுத்திப் பிடி, புறப்பட்ட ஓட்டையிலேயே ஊசியை இறக்கி வளையத்துக்குள் எடு. ஒரு கண்ணி. அதற்குள்ளிருந்து அடுத்த கண்ணி. நீ இடது கைக்காரி. என் எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல நான் செய்ததைத் திருப்பிச் செய்தாய்.

தெலுங்கில் கொலுசு என்றால் சங்கிலி. மேடம் கேட்டது சாதாரணச் சங்கிலித் தையல். அது எனக்கும் அன்றைக்கு முதலிலிருந்து உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கும் கண்ணால் பார்த்ததால் புரிந்தது. உனக்குப் பெயர் மட்டும்தான் கிடைத்தது. தமிழச்சிக்குக் கொலுசு என்றால் என்ன? காலில் போடுவது. நீ வீட்டுக்குப் போய், கைக்குட்டையில் ஒரு கொலுசைப் போட்டு எடுத்து வந்தாய்.

மணியில்லாத கொலுசு என்ன கொலுசு என்று, ஒவ்வொரு கண்ணிக்கும் கீழே ஒரு சின்னக் காம்பு இறக்கி, அதன் நுனியில் முந்தின வாரம் படித்த முடிச்சுத் தையலை வைத்திருந்தாய். நூலை ஊசியில் ரெண்டு சுற்றுச் சுற்றி இழுக்கிற அதே முடிச்சுத்தான். நாங்கள் போட்டால் கடுகுபோல இறுகி உட்காரும். உன் இடது கை அந்தச் சுற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால் நூலின் முறுக்கு தளர்ந்து, முடிச்சு கொஞ்சம் உப்பி, கொஞ்சம் சாய்ந்து, நிஜமாகவே தொங்குகிற மாதிரி இருந்தது.

மேடம் அதைக் கையில் வாங்கினார். "இதேன்ட்டி அம்மாயி?" என்றார், இதென்னம்மா என்று.

"கொலுசு மேடம். மீரே செப்பாரு கதா?" என்றாய். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவரையே மடக்கினாய்.

மேடத்துக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம், "ஓ, அரவ கொலுசா!" என்றார். நம் தமிழுக்கு அவர்கள் வைத்த பெயர் அரவம். சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், முந்தானையால் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். கூடமே சிரித்தது. நானும்தான், மனசு நிறைந்து சிரித்தேன். மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். ஆனால் மேடம் சிரித்து முடித்ததும் அந்தக் கைக்குட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். 'பாகுந்தே', நன்றாக இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னுடையதையும் பார்த்தார். கண்ணிகள் நெல் பிடித்து அளந்ததுபோல ஒரே அளவு. 'கரெக்ட்' என்று சொல்லிக் கீழே வைத்தார்.

கரெக்ட். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட அந்த வார்த்தை இன்றுவரை என்னை விடவில்லை. நீ செய்தால் அழகு, நான் செய்தால் கரெக்ட். சாப்பாடானாலும் கோலமானாலும் இதே தீர்ப்புத்தான்.

வகுப்பு முடிகிற சமயத்தில் திருப்பதியில் கண்காட்சி வைத்தார்களே, அது ஞாபகம் இருக்கிறதா? தடா பக்கத்தில் புதிதாக வந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்தார். அந்த வருஷங்களில் யார் யாரோ எங்கெங்கிருந்தோ வந்து, நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் கொலுசு போட்ட தலையணை உறையின் முன்னால் அவர் நின்றுவிட்டார். இது எந்த ஊர் வேலை என்று கேட்டார். தப்பாகக் காதில் விழுந்த ஊர் வேலை என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அப்புறம் என்னுடையதை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை, ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை. 'பின்பக்கம் ரொம்ப சுத்தமா இருக்கும்மா' என்று பாராட்டினார். முன்பக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கம்பெனியில் மாதிரித் துணி தைக்கிற வேலைக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் உன்னை ஏற்றிவிட வந்தபோது, 'நீயும் வாடி, கேட்டுப் பாக்கிறேன்' என்றாய். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். நீ கேட்டு எனக்குக் கிடைக்க வேண்டுமா? என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அன்றைக்கு நைனா கல்லைத் தின்றால்கூடச் செரிக்கிற உடம்போடுதான் இருந்தார்.

நீ போனாய். தொலைந்தாள் என்று நான் நினைத்தேன். நீயோ ஹாஸ்டலில் இருந்துகொண்டே உன் வீட்டில், 'அண்ணி வரணும்னா அது கஸ்தூரிதான். வேற யார் வந்தாலும் நான் ஊருக்கே வரமாட்டேன்' என்று சொல்லி, என்னை உன் அண்ணனுக்குக் கட்டி வைத்தாய். யாராவது தன் பொறாமைக்குக் காரணமானவள் வீட்டுக்கே வாழப் போவார்களா? நான் போனேன். உன் அண்ணன் பார்க்க நன்றாக இருந்தார், என்ன செய்வது?

என் கல்யாணத்திலாவது நான் நாயகியாக இருந்தேனா? மூன்று முடிச்சில் முதல் முடிச்சை உன் அண்ணன் போட்டார். மற்ற ரெண்டும் நாத்தனார் முடிச்சு. நீ இடது கையை முன்னால் நீட்டியதும் பின்னாலிருந்து ஒரு அத்தை கத்தினார்.

"அய்யோ, பீச்சாங்கையால தாலி முடியறாளே! இன்னாடி இது?"

"சோத்துக் கையால போட்டா அவுந்துகினு வந்துடும். பரவால்லியா?" என்று நீ கேட்டாய்.

ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. குனிந்திருந்த நான் மட்டும் யார் முகத்தையும் பார்க்க முடியாமல், உன் விரல் என் பிடரியில் படபடவென்று ஓடுவதை உணர்ந்துகொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் என் புடவை என்ன நிறம் என்று சொல்ல மாட்டார்கள். நீ சொன்னதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்புறம் தாலி பிரித்துக் கோர்க்கிற அன்று அந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாமல் கத்தரியால் வெட்டினோம். துணியில் அவ்வளவு தளர்ந்து நிற்கிற உன் முடிச்சு, என் கழுத்தில் மட்டும் எப்படியடி அப்படி இறுகியது?

லாவண்யா பிறந்தாள். உனக்கு நாயுடுபேட்டையில் குடும்பமாகி, பிறந்தது ரெண்டும் பையன். பெண் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய ஆசையையெல்லாம் என் பெண்மேல் போட்டாய். நான் தைத்த கவுன்கள் அளவாக இருந்தன, தையல் விடவில்லை, துவைத்தால் சாயம் போகவில்லை. நீ பஸ்ஸில் வரும்போது, கம்பெனியில் மிஞ்சிய வெட்டுத்துணியில் ஒரு கவுன் தைத்துக்கொண்டு வருவாய். கீழ் ஓரத்தில் கொலுசுத் தையல். அளவு சரியாக இருக்காது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைத்தான் அவள் கழற்ற மாட்டாள்.

அவளுக்கு நாலைந்து வயசு இருக்கும்போது ஒரு நாள், அந்தக் கவுன் ஓரத்தைக் கையில் பிடித்துக் காதருகில் வைத்துக் குலுக்கினாள்.

"சத்தம் வருதும்மா!"

"நூல்ல எங்கடி சத்தம் வரும்?" என்றேன் நான். கரெக்டாகத்தான் சொன்னேன்.

நீ அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு மட்டும்தான் கேக்கும். உங்கம்மாவுக்குக் கேக்காது" என்றாய். குழந்தை என்னைப் பாவம் பார்ப்பதுபோலப் பார்த்தது. அன்றைக்குச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். உனக்குக் கேட்டிருக்கும்.

நீ என்னைப் பார்த்து ஒரு நாளாவது பொறாமைப்பட்டதுண்டா, வனஜா? இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று எப்போதும் நினைப்பேன். வீட்டுக்கு வந்தால் என் வேலைகளை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாய். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவாய். அது என்ன பார்வை? குறை தேடினாயா, வேறு ஏதாவதா? போன வருஷம் காய்ச்சல் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, குணமாகி வந்ததும் கேட்டுவிடலாம் என்றிருந்தேன். நீ வரவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

லாவண்யா போனில் அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று வந்தது. "அது தப்புத் தையல்டி. காதுல தப்பா வுழுந்து வந்த தையல். கல்யாணத்துக்கு அதையா போடுவாங்க? ஊரெல்லாம் ஆரி ஒர்க் போட்டுகினு இருக்காங்க. நான் நல்லதா மாங்காய் வெச்சிப் போட்டுத் தர்றேன்" என்றேன்.

"தப்பாவே போட்டுக் குடும்மா" என்றாள்.

மூன்று நாள் நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அதற்கப்புறம் யோசித்தேன். இந்தத் தையலை உன்னைத் தவிர வேறு யாரும் போட்டதில்லை. கம்பெனியில் எத்தனையோ பேர் முயன்றும் வரவில்லை என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நான் போடாவிட்டால், அவள் பெங்களூரில் எவளிடமாவது போட்டோவைக் காட்டிச் செய்துகொள்வாள். பெற்ற பெண்ணின் கல்யாண ரவிக்கையில் என் ஊசி படாமல் போய்விடும். உன்னிடம் தோற்றாலும் தோற்பேன், எவளோ ஒருத்தியிடம் தோற்க மாட்டேன் என்று உட்கார்ந்தேன்.

வரவில்லை, வனஜா. கண்ணி வந்தது, காம்பு வந்தது, முடிச்சு மட்டும் கடுகாகவே உட்கார்ந்தது. கையை மாற்றாமல் சுற்றை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன். உருண்டதே தவிர, தொங்கவில்லை. அவிழ்த்து அவிழ்த்துத் துணி சல்லடையானது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் தையல் உன் கையில் இருந்தது, அதுவும் இடது கையில்.

ஊசியை இடது கைக்கு மாற்றினேன்.

என் வகுப்புக்கு வருகிற பெண்கள் முதல் நாளே மயில் போட வேண்டும் என்பார்கள். 'கைக்குட்டை முடியட்டும், மயில் எங்கயும் பறந்துடாது' என்று நான் சொல்வேன். முதலில் கைக்குட்டை ஓரத்தில் ஓட்டத் தையல். ஊசி உள்ளே, ஊசி வெளியே, இடைவெளி ஒன்றுபோல இருக்க வேண்டும், துணி சுருங்கக் கூடாது. அது படிந்தால் தலையணை உறையில் காம்புத் தையலால் ஒரு கொடி. அதுவும் படிந்தால் துணிப்பையில் சங்கிலித் தையலால் ஒரு மாங்காய். இந்த வரிசையை யாருக்காகவும் நான் மாற்றியதில்லை. எனக்காகவும் மாற்றவில்லை. ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, என் மாணவிகளோடு பாயில் உட்கார்ந்து, இடது கையால் ஓட்டத் தையல் போட ஆரம்பித்தேன்.

அவமானம் என்றால் அவமானம். போன மாசம் சேர்ந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "மேடம், கோடு கோணலா போய்க்கினு இருக்குது" என்றாள். அவளுடையது நேராக இருந்தது. அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. ஊசி எந்தப் பக்கம் வருகிறதென்று தெரியாமல் விரலைக் குத்திக்கொண்டேன். வளையத்தைப் பிடிக்க வேண்டிய கட்டைவிரல் எது என்று மறந்து ரெண்டையும் வைத்தேன். நூலை இழுத்தால் துணி சுருங்கும், விட்டால் தொளதொளவென்று நிற்கும். 'நூலை இழுக்காதே, அது போகிற வரைக்கும் போய் நிற்கட்டும்' என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். என் கைக்கு அது புரிய ஒரு தலையணை உறை தேவைப்பட்டது. உன் அண்ணன் அந்த உறையைத்தான் இப்போது போட்டுத் தூங்குகிறார். கொடி எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது.

மாங்காய் போடும்போது கை கொஞ்சம் அடங்கியது. அதற்கப்புறம் ஒரு பழைய ரவிக்கைத் துண்டில் கண்ணி போட்டு, காம்பு இறக்கி, நூலை ரெண்டு சுற்றுச் சுற்றி இழுத்தேன். முடிச்சு உப்பியது. லேசாகச் சாய்ந்தது. தொங்கியது. நான் பாயில் உட்கார்ந்தபடியே, "அடியே வனஜா!" என்று கத்திவிட்டேன். பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எரிச்சலில் கத்தினேனா, சந்தோஷத்தில் கத்தினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ரவிக்கை முடிந்தது. அரக்குப் பட்டில் தங்க நிற நூல். ரெண்டு கையின் ஓரத்திலும் கொலுசு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். உன்னுடையது எப்போதும் பின்பக்கம் புதர் மாதிரி இருக்கும். இது சுத்தமாக இருந்தது. அதை மட்டும் உன்னிடமிருந்து நான் கற்றுக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லாவண்யா வந்தாள். பையைக்கூட இறக்காமல், "எங்கம்மா?" என்றாள். கொடுத்தேன். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். நீ திருப்புவதுபோலவே திருப்பினாள்.  அத்தை செய்து வைத்துவிட்டுப் போனதா என்று கேட்பாள், அல்லது அத்தை கை மாதிரி இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். ரெண்டில் எதைச் சொன்னாலும் நான் சமையலறைக்குப் போவதாக இருந்தேன்.

அவள் ரவிக்கையின் கையைத் தூக்கிக் காதருகில் வைத்தாள். மெதுவாகக் குலுக்கினாள்.

"சத்தம் வருதும்மா" என்றாள்.

 உனக்கு மட்டும்தான் கேட்கும் என்பது உன் வசனம். அதை நான் எடுக்க மாட்டேன்.

"அத்தையோடது மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. முன்னாடியும் அழகு, பின்னாடியும் அழகு. அத்தை இதைப் பாத்திருந்தா அவங்களுக்குப் பொறாமை வந்துருக்கும்மா" என்றாள்.

கேட்டாயா, வனஜா? இத்தனை வருஷமாக நான் எதற்காகக் காத்திருந்தேனோ அந்த வார்த்தை. அழகு என்றாள். கரெக்ட் என்று சொல்லவில்லை. உனக்குப் பொறாமை வந்திருக்கும் என்றாள். என் பெண் தன் வாயால் சொன்னாள்.

சொன்னபோது நீ எதிரில் இல்லை. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள்.

கல்யாணத்தன்று மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அவள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்ப்பேன். நாளைக்கு அவளுக்குப் பிறக்கிற குழந்தைக்குக் கவுன் தைக்கப்போவதும் நான்தான். நீ எதிலெல்லாம் என்னை முந்தினாயோ அதிலெல்லாம் இனிமேல் நான் முன்னால். நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இப்போது எவ்வளவோ இருக்கிறது. என்னை இப்படி ஜெயிக்க விடச் சொல்லி உன்னை யாரடி கேட்டார்கள்?

உனக்கு ரெண்டு வாக்குக் கொடுக்கிறேன். என் வகுப்பில் இனிமேல் கைக்குட்டை, தலையணை உறை, மாங்காய்ப் பைக்கு அப்புறம் நாலாவது பாடம் கொலுசுக் குட்டு. எல்லாரும் ஊசியை இடது கைக்கு மாற்றித்தான் போட வேண்டும். இது யார் கண்டுபிடித்தது என்று கேட்டால், தெலுங்கு சரியாகத் தெரியாத வனஜா என்பவள் என்று சொல்வேன். கேட்டால் மட்டும்தான் சொல்வேன்.

இன்னொன்று நலங்கு. முதலில் மஞ்சள் பூச வேண்டியவள் அத்தை. அந்த முறைக்கு வேறு யாரையோ நிறுத்தலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். லாவண்யாவின் ஒரு கன்னத்தில் அம்மாவாக என் வலது கையால் மஞ்சள் பூசுவேன். மற்ற கன்னத்தில் உனக்காக இடது கையால் பூசுவேன். பீச்சாங்கையா என்று யாராவது கத்தட்டும், உன் பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன்.

எந்தக் கன்னத்தில் மஞ்சள் நன்றாகப் பிடித்தது என்று மட்டும் யாரையும் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும்.

உன் முடிச்சைக் கத்தரியால் வெட்டியும் உன்னிடமிருந்து அவிழ முடியாத,
உன் அண்ணி
கஸ்தூரி